ஃபோம் பூசணி வெட்டறது எப்படி? உங்க கேள்விகளுக்குப் பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு முகம் வெட்டி உள்ள விளக்கு வைக்கற நிஜ பூசணிக்குப் பதிலா ஃபோம் பூசணி வெட்டி வைக்கலாம்னு ரெண்டே வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விகள்தான் இந்த மாசம் முழுப் பக்கமும். பதினோரு வருஷமா எங்க கராஜ்ல பழைய பெட்ஷீட் விரிச்சு இந்த வேலையைச் செஞ்சுட்டு வரேன், அதனால கையால தொட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை மட்டும் சொல்றேன். சில கேள்விக்குப் பதில் நீளமா போயிடுச்சு, அதெல்லாம் நீளமா சொல்ல வேண்டிய விஷயம்தான்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): அக்கா, போன வருஷம் அக்டோபர் 15-க்கே நிஜ பூசணி வாங்கி பசங்களோட உட்கார்ந்து வெட்டினோம். ஒரே வாரத்துல உள்ள பூஞ்சை பிடிச்சு வாய் சுருங்கிப் போச்சு, மிச்சத்தை அணில் தின்னுடுச்சு, சின்னவன் அழுதுட்டான். இந்த வருஷம் ஃபோம்ல வாங்கலாம்னு கடைக்குப் போனா நாலஞ்சு விதம் இருக்கு, எல்லாம் ஒரே மாதிரி தெரியுது. எதை வாங்கறது?

பதில்: வெட்டின பூசணி அவ்வளவுதாங்க தாங்கும், உங்க மேல தப்பு இல்ல. தோலைத் திறந்ததுமே ஈரம் வெளிய போக ஆரம்பிக்குது, பூஞ்சை உள்ள வர ஆரம்பிக்குது. நிஜத்துல வெட்டணும்னா 28, 29-ம் தேதிக்கு மேல வெட்டுங்க.

கடையில இருக்கறது முக்கியமா மூணு வகை. ஒண்ணு, மெல்லிசான கெட்டி பிளாஸ்டிக், பசங்க சாக்லேட் வாங்கறதுக்குத் தூக்கிட்டுப் போற பக்கெட் மாதிரி. அதை வெட்ட முயற்சி பண்ணாதீங்க, பிளேடு வழுக்கி கையில இறங்கும். ரெண்டாவது தெர்மாகோல். ஊர்ல ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு வாங்குவோமே அதே சரக்குதான், மேல ஆரஞ்சு பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க, பெரும்பாலும் உள்ள கூடு இருக்காது, முழுசா அடைச்சிருக்கும். ஒரு ஓரத்துல நகத்தால சுரண்டினா வெள்ளை வெள்ளையா மணி உதிரும். மேல பெயிண்ட் அடிக்க, மணி ஒட்ட, ஊசி குத்தி அலங்காரம் பண்ண அது நல்லது, உள்ள விளக்கு வைக்க ஆகாது. மூணாவதுதான் உங்களுக்கு வேண்டியது, பாலியூரித்தேன் ஃபோம். ஃப்ரிட்ஜ் சுவருக்குள்ள குளிர் தங்கறதுக்கு அடைச்சிருப்பாங்களே, அந்தக் குடும்பம். உள்ள கூடு, சுவர் ஏறக்குறைய அரை இன்ச், தட்டினா டொக் டொக்னு மந்தமா சத்தம் வரும், லேபிள்ல 'கார்வபிள்'னு, அதாவது வெட்டலாம்னு, போட்டிருக்கும். அந்த வார்த்தை இல்லாத பூசணியை எடுக்காதீங்க.

மைக்கேல்ஸ் மாதிரி கிராஃப்ட் கடையில ஆகஸ்ட், செப்டம்பர்லயே வந்துடும். முதல்ல வெட்டறவங்க ரொம்பப் பெருசும் வேண்டாம் ரொம்பச் சின்னதும் வேண்டாம், உள்ள கை நுழையற அளவு இருந்தா போதும், 9 இன்ச் பூசணின்னா சௌகரியமா இருக்கும். முன்பக்கம் மேடு பள்ளம் கம்மியா இருக்கற முகமா பார்த்துத் திருப்பித் திருப்பி எடுங்க, தேங்காய் வாங்கற மாதிரி பொறுமையா.

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்): அக்கா, ஃபோம் வெட்டறதுக்குன்னே சூடான கத்தி ஆன்லைன்ல விக்குது, வெண்ணெய் மாதிரி இறங்குதுன்னு வீடியோவுல காட்டறாங்க. வாங்கிட்டேன். அபார்ட்மென்ட்ல கிச்சன் டேபிள்ல வெச்சு வெட்டலாமா?

பதில்: தம்பி, வேண்டாம்ப்பா. அந்தக் கத்தியை எடுத்து உள்ள வெச்சுடு. கார்வபிள் பூசணி பாலியூரித்தேன்னு மேல சொன்னேன் இல்லையா, அதைச் சூட்டால உருக்கினா ஐசோசயனேட், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு மாதிரி விஷ வாயுவெல்லாம் வெளிய வரும். மூடின சமையலறையில மூஞ்சிக்கு முன்னாடி அரை மணி நேரம் அந்தப் புகையைச் சுவாசிக்கறது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு யோசிச்சுப் பாரு, ஆஸ்துமா இருக்கறவங்க பக்கத்து ரூம்ல இருந்தாலும் கஷ்டம். சால்டரிங் அயர்ன், மரத்துல எழுதற சூட்டுப் பேனா எல்லாத்துக்கும் இதே பதில்தான். சூட்டுக் கத்தியும் சூட்டுக் கம்பியும் தெர்மாகோலுக்காக வந்தது, அதுக்குமே ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சுத்தான் செய்யணும்.

பாலியூரித்தேனுக்குச் சூடே தேவையில்ல, அது அவ்வளவு லேசா வெட்டுப்படும். பூசணி வெட்டற கிட்ல வருமே ஆரஞ்சு பிடி போட்ட குட்டி ரம்பம், அது ஒண்ணு, பேனா மாதிரி பிடிக்கற எக்ஸாக்டோ கத்தி, அதுக்கு 11-ம் நம்பர் பிளேடு ஒரு பாக்கெட், இது ரெண்டும் போதும். பிளேடு மழுங்கினதும் கை தானா அழுத்த ஆரம்பிக்கும், அழுத்தினா வழுக்கும், அதனால மாத்திக்கிட்டே இரு. நான் ஒரு பூசணிக்கு மூணு பிளேடு மாத்துவேன். முதல் தடவை கோடு மட்டும் கீறு, ரெண்டாவது தடவை பாதி ஆழம், மூணாவதுல முழுசா இறக்கு. ஒரே இழுப்புல வெட்டணும்னு பார்த்தா ஓரமெல்லாம் பிய்ஞ்சு பிய்ஞ்சு வரும். கத்தி எப்பவும் சுவருக்கு நேரா நிக்கணும், சாய்ஞ்சா வெளிய அழகா இருக்கும், உள்பக்கம் கோணலா போயிருக்கும், வெளிச்சம் வர்ற வழியும் கோணிக்கும்.

டிரெமெல், அதான் கையில பிடிக்கற சுழல் மெஷின், வெச்சிருந்தா அது வேலையைச் சுலபமாக்கும், ஆனா மாவு மாதிரி தூசி பறக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்ல. என்95 மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, ரெண்டும் போட்டுக்கிட்டு பால்கனியிலயோ வெளியிலயோ உட்கார்ந்து வெட்டு. தூள் எல்லாம் துணி மேல ஒட்டிக்கிட்டு வரவே வராது, அதனால வழவழன்னு இருக்கற பழைய சட்டையா போட்டுக்கோ, முடிஞ்சதும் ஈரத்துணியால பூசணியைத் துடைச்சுடு.

கேள்வி (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா): எல்லாரும் கண்ணு, மூக்கு, பல்லுன்னு வெட்டறாங்க. எனக்கு ஒரு கோலம் வெட்டணும்னு ரொம்ப ஆசை, எங்க பாட்டி போடற சிக்கு கோலம். பேப்பர்ல அழகா வருது, பூசணியில ஒட்டிப் பார்த்தா சுருங்குது, வெட்டினா நடுவுல இருக்கறதெல்லாம் விழுந்துடும்னு பயமா இருக்கு. முடியுமா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படிச்சதும் அன்னிக்கே ஒரு பூசணி எடுத்து உட்கார்ந்துட்டேன், அவ்வளவு சந்தோஷம். முடியும்மா, கண்டிப்பா முடியும், ஆனா ரெண்டு விஷயம் புரிஞ்சுக்கணும்.

முதல் விஷயம், சிக்கு கோலத்துல கோடு புள்ளியைச் சுத்தி வளைச்சுட்டுப் போய் ஆரம்பிச்ச இடத்துலயே சேரும். கோலத்துக்கு அதுதான் அழகு, ஆனா கத்திக்கு அதுதான் பிரச்சினை. மூடின வளைவை முழுசா வெட்டினா உள்ள இருக்கற துண்டைப் பிடிச்சு வைக்க எதுவும் இல்லாம பொத்துனு விழுந்துடும். முகம் வெட்டறவங்களுக்கும் இதே கதைதான், கண்ணுக்குள்ள கருவிழி வேணும்னா எங்கயாவது ஒரு பாலம், அதாவது வெட்டாத ஒரு பட்டை, விட்டே ஆகணும். அதனால கோட்டைக் கத்தியால வெட்டாதீங்க, ட்ரில்லால குத்துங்க. கோடு போற வழி முழுக்க சின்னச் சின்ன ஓட்டையா, எட்டுல ஒரு பங்கு இன்ச் பிட் போட்டு, ஒரு ஓட்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு ஓட்டை அளவு இடம் விட்டுக் குத்திக்கிட்டே வாங்க. புள்ளி இருக்கற இடத்துல மட்டும் கால் இன்ச் பிட். ராத்திரி உள்ள விளக்கு போட்டா புள்ளி பெருசா ஜொலிக்கும், அதைச் சுத்தி கோடு மின்மினி வரிசை மாதிரி ஓடும். ஒரு துண்டும் விழாது, ஏன்னா நீங்க எதையும் தனியா பிரிக்கவே இல்ல.

ரெண்டாவது விஷயம் பேப்பர் சுருங்கறது. தட்டையான காகிதம் உருண்டை மேல படியாது, அது எவ்வளவு இழுத்து ஒட்டினாலும் நடக்காது. காகிதத்தோட நாலு ஓரத்துலயும் உள்நோக்கி நாலஞ்சு வெட்டு போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏத்தி, பெயின்டர்ஸ் டேப்பால ஒட்டுங்க. சாதா செலோ டேப் எடுக்கும்போது ஆரஞ்சு பெயிண்டையும் சேர்த்து உரிச்சுக்கிட்டு வந்துடும். ஒட்டினதும் ஒரு குண்டூசியால கோடு மேல குத்திக் குத்தி அடையாளம் வெச்சு, காகிதத்தை எடுத்துட்டு, கொஞ்சம் பேபி பவுடரோ அரிசி மாவோ தேய்ச்சா குத்தின இடமெல்லாம் வெள்ளையா எழும்பி வரும். அரிசி மாவால கோலம் தெரியற அந்த நிமிஷம் எனக்கு எப்பவுமே ஊர் வாசல் ஞாபகம் வந்துடும்.

காகிதமே இல்லாமயும் ஒரு வழி இருக்கு, எனக்கு அதுதான் பிடிக்கும். பூசணியில மேலிருந்து கீழ ஓடற வரி வரியான பள்ளம் இருக்கே, அதையே புள்ளி வரிசைக்கு நிக்கற கோடா எடுத்துக்கோங்க. ரெண்டு பள்ளத்துக்கு நடுவுல மேடா இருக்கற இடத்துல ஒரு வரிசை புள்ளி, அடுத்த மேட்டுல அடுத்த வரிசை. குறுக்கே அளக்க ஒரு நூலைச் சுத்திப் பிடிச்சா போதும். முதல் தடவை 5 புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் போடுங்க, 5 வரிசை, 5 புள்ளி. பாட்டியோட பெரிய கோலத்தை அடுத்த வருஷம் 13 இன்ச் பூசணியில எடுத்துக்கலாம். எப்பவும் நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போங்க, வெளிய ஆரம்பிச்சா நடுவுல வரும்போது சுவர் ஆட ஆரம்பிச்சுடும்.

கேள்வி (சார்லட், வட கரோலினா): எங்க அத்தை மதுரையில இருந்து வந்திருக்காங்க. 2024-ல தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 ஒரே நாள்ல வந்தப்போ ஃபோம் பூசணிக்குள்ள அகல் விளக்கு ஏத்தி வைக்கலாம்னாங்க, நான் பயந்துக்கிட்டு வெளியவே வெச்சேன். இந்த வருஷமும் கேக்கறாங்க. ஒரு சின்ன விளக்குதானே, வைக்கக் கூடாதா?

பதில்: நீங்க செஞ்சதுதான் சரி. ஃபோமுக்குள்ள நெருப்பு கூடவே கூடாது, அகலோ மெழுகுவர்த்தியோ எதுவும். பாலியூரித்தேன் பத்திக்கிட்டா வேகமா எரியும், புகை கருப்பா விஷமா இருக்கும், வாசல்ல பசங்க கூட்டம் கூட்டமா தொளதொளன்னு துணி போட்டுக்கிட்டு வர்ற நாள் அது. நிஜ பூசணியில ஈரம் இருக்கு, அது ஓரளவு தாங்கும், இதுல ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

அத்தைகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க, அகல் மாடத்துலயும் வாசல் படியிலயும் இருக்கட்டும், பூசணிக்குள்ள பேட்டரி விளக்கு இருக்கட்டும். பேட்டரி எல்ஈடி விளக்குல மஞ்சள் வெளிச்சமா பார்த்து வாங்குங்க, டைமர் இருந்தா 6 மணி நேரம் எரிஞ்சு தானா அணைஞ்சு மறுநாள் அதே நேரத்துக்கு எரியும். பழைய மாதிரி சூடாகற குண்டு பல்பும் வேண்டாம். இன்னொண்ணு, குட்டி விளக்குல காசு மாதிரி பட்டன் பேட்டரி இருக்கும், சின்னக் குழந்தை முழுங்கிட்டா உணவுக்குழாயையே அரிச்சுடும், அதனால ஸ்க்ரூ போட்டு மூடற மாதிரி இருக்கறதை மட்டும் வாங்குங்க. இதுக்காகவே அமெரிக்காவுல 2022-ல ரீஸ் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஆனா வீட்டுல கிடக்கற பழைய விளக்குல அந்த மூடி இருக்காது.

கேள்வி (நேப்பர்வில், இல்லினாய்ஸ்): அழகா வெட்டிட்டேன், ஆனா விளக்கு போட்டா நீலம் கலந்த வெள்ளையா, உயிரே இல்லாம இருக்கு. நிஜ பூசணி மாதிரி தகதகன்னு வரமாட்டேங்குது.

பதில்: நிஜ பூசணியோட சதையே ஆரஞ்சு, வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பும்போது நிறத்தை வாங்கிக்கும். ஃபோமோட உள்சுவர் வெளுப்பு. ஒரு மஞ்சள் அக்ரிலிக் பெயிண்ட் வாங்கி உள்ள ரெண்டு கோட் அடிங்க, வெட்டின ஓரத்துக்குக் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து அடிங்க, அவ்வளவுதான். தண்ணியில கரையற அக்ரிலிக்கா இருக்கட்டும், ஸ்ப்ரே பெயிண்ட்ல இருக்கற கரைப்பான் தெர்மாகோலா இருந்தா அரிச்சுக் குழி குழியா ஆக்கிடும்.

கேள்வி (அட்லாண்டா, ஜார்ஜியா): நான் கும்பகோணத்துல இருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கேன், வயசு 71. பேத்தி பூசணியில முகம் வெட்டறா. நம்ம ஊர்ல வீடு கட்டும்போது திருஷ்டிக்குப் பூசணியில முகம் எழுதிக் கட்டுவோமே, அது மாதிரிதானா இது? எங்கிருந்து வந்த பழக்கம்?

பதில்: ஐயா, நல்ல கேள்வி கேட்டீங்க. ரெண்டுக்கும் நேர் உறவு கிடையாதுங்க, ஆனா கெட்டதை விரட்ட ஒரு காய்க்குப் பயமுறுத்தற முகம் கொடுக்கற எண்ணம் ரெண்டு இடத்துலயும் இருக்கு. இங்க இருக்கற பழக்கம் அயர்லாந்துல இருந்து வந்தது, அங்க பூசணியே கிடையாது, டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு முகம் வெட்டி உள்ள நெருப்பு வெச்சாங்க. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துல, மேயோ மாவட்டத்துல இருக்கற கிராமிய வாழ்க்கைப் பிரிவுல, டோனிகால் பக்கம் ஃபின்டவுன்ங்கற ஊர்ல செஞ்ச டர்னிப் விளக்கோட அச்சு வார்ப்பு இருக்கு, படத்தைப் பேத்தியைத் தேடிக் காட்டச் சொல்லுங்க, இன்னிக்குப் பூசணியில சிரிக்கற முகத்தை விட அது ரொம்பப் பயங்கரமா இருக்கும். 1845-ல ஆரம்பிச்ச உருளைக்கிழங்குப் பஞ்சத்துல லட்சக்கணக்கான ஐரிஷ் ஜனங்க கப்பல் ஏறி அமெரிக்கா வந்தாங்க, பழக்கமும் கூட வந்தது. இந்த மண்ணுல பூசணி தாராளமா விளைஞ்சுது, பெருசா இருந்துது, குடையறதுக்கும் சுலபம், கிழங்கு போய்க் காய் வந்துடுச்சு. அந்தக் காயும் இப்போ ஃபோமா மாறிட்டு வருது. நியூயார்க்ல க்ரோடன்-ஆன்-ஹட்சன்ங்கற ஊர்ல 2005-ல இருந்து வருஷா வருஷம் நடக்கற பெரிய பூசணி விளக்குக் காட்சியில இப்போ 7,000-க்கு மேல பூசணி வைக்கறாங்க, அதுல நிஜமும் இருக்கு, செயற்கையும் இருக்கு. மகள் வீட்டுல இருந்து தூரம்தான், ஆனா போக முடிஞ்சா ஒரு தடவை போய்ப் பாருங்க ஐயா.

பேத்தி பக்கத்துல உட்கார்ந்து திருஷ்டிப் பூசணிக்கு எப்படி மீசையும் பல்லும் எழுதுவோம்னு நீங்க வரைஞ்சு கொடுங்க, அவ அதை வெட்டட்டும்.

கேள்வி (ரெட்மண்ட், வாஷிங்டன்): எனக்கு 12 வயசு. ஃபோம் பிளாஸ்டிக்தானே, மக்காது. நிஜ பூசணி மண்ணுல கலந்துடும். அம்மா ஃபோம் வாங்கலாம்ங்கறாங்க, எனக்கு இஷ்டமில்ல. யார் சொல்றது சரி ஆன்ட்டி?

பதில்: கண்ணு, நீ சொல்றது முழுக்க சரி. பாலியூரித்தேன் மக்காது, வீட்டு வாசல்ல எடுக்கற ரீசைக்கிள் தொட்டியிலயும் அதை வாங்க மாட்டாங்க. வருஷா வருஷம் புதுசு வாங்கித் தூக்கிப் போடறதுன்னா ஃபோம் வாங்கவே கூடாது, நான் இதை யார்கிட்டயும் சொல்வேன். ஆனா நிஜ பூசணியையும் குப்பைப் பையில கட்டிப் போட்டா அது குப்பை மேட்டுல காத்து இல்லாம அழுகி மீத்தேன் வாயுவைத்தான் கொடுக்கும், உரக்குழிக்குப் போனாதான் மண்ணாகும். அதனால உங்க வீட்டுல ஒரு ஏற்பாடு பண்ணிக்கோங்க. ஒரே ஒரு ஃபோம் பூசணி, அதைப் பத்து வருஷம் வெச்சுக்கறதுன்னு அம்மாகிட்ட வாக்கு வாங்கிக்கோ. கூடவே கடைசி வாரத்துல ஒரு சின்ன நிஜ பூசணி, முடிஞ்சதும் பெயிண்ட் எதுவும் படாம உரத்தொட்டிக்கு. வெட்டும்போது உதிர்ற ஃபோம் தூள்தான் எனக்குப் பெரிய கவலை. முதல் வருஷம் நான் புல் மேல உட்கார்ந்து வெட்டிட்டேன், அடுத்த மழை வரைக்கும் பொறுக்கிட்டே இருந்தேன், பாதி கிடைக்கவே இல்ல. அப்போ இருந்து பெட்ஷீட் விரிக்காம கத்தியை எடுக்கறதில்ல, கடைசியில நாலு மூலையும் சேர்த்து மூட்டையா கட்டிக் குப்பையில போடு, உதறாதே.

கேள்வி (பாஸ்டன் பக்கம்): வெட்டும்போது ரெண்டு பல்லுக்கு நடுவுல இருந்த பாலம் உடைஞ்சுடுச்சு. தூக்கிப் போட மனசு வரல.

பதில்: போடாதீங்க. உடைஞ்ச துண்டை எடுத்து, ரெண்டு பக்கமும் பாதி பாதியா இறங்கற மாதிரி ஒரு பல் குத்தும் குச்சி செருகி, வெள்ளை பசை தடவி, டேப் போட்டு ஒரு ராத்திரி விடுங்க. காஞ்சதும் மேல ஆரஞ்சு அக்ரிலிக். ரெண்டடி தள்ளி நின்னா தெரியாது.

துண்டு தொலைஞ்சு போயிருந்தா வாயை இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டிடுங்க. இல்லேன்னா அந்தப் பூசணி முழுக்க நீலப்பச்சை நிறம் அடிச்சு வாசல்ல வைங்க. இங்க அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, இந்த வீட்டுல மிட்டாய் இல்லாம பென்சில், ஸ்டிக்கர் மாதிரி பரிசும் கிடைக்கும்னு, வேர்க்கடலை மாதிரி உணவு அலர்ஜி இருக்கற குழந்தைகளுக்காக. ஃபுட் அலர்ஜி ரிசர்ச் அண்ட் எஜுகேஷன்ங்கற அமைப்பு 2014-ல இதை நாடு முழுக்க எடுத்துட்டுப் போனாங்க. எங்க தெருவுல ஒரு பையன் எல்லா வீட்டையும் தாண்டி நேரா எங்க வீட்டுக்குத்தான் ஓடி வருவான், அந்த நிறத்தைப் பார்த்துட்டு.

கேள்வி (ஹூஸ்டன், டெக்சஸ்): காத்து அடிச்சா பூசணி உருண்டு தெருவுக்கே போயிடுது. அப்புறம் சீசன் முடிஞ்சதும் எங்க வைக்கறது, மாடிப் பரண்ல போடலாமா?

பதில்: கூழாங்கல் ஒரு ஜிப் பையில போட்டு உள்ள வைங்க. அதுக்குத்தான் விளக்கு வைக்கற ஓட்டையை நான் மேலயும் வெட்டறதில்ல, அடியிலயும் வெட்டறதில்ல, முதுகுல வெட்டுவேன். அடிப்பாகம் முழுசா இருந்தா கல்லு தங்கும், மேல காம்பும் பார்க்க அழகா அப்படியே இருக்கும். விளக்கு மாத்தறதுக்கும் கை சுலபமா போகும்.

ஹூஸ்டன் பரண் வேண்டவே வேண்டாம், கோடையில அங்க அடிக்கற சூட்டுல காம்பை ஒட்டின பசை விட்டுடும், மேல கனமா எதையாவது வெச்சா வெட்டின இடம் நசுங்கியும் போயிடும். வீட்டுக்குள்ள துணி அலமாரியோட மேல் தட்டு போதும், வெயில் படாத இடமா இருக்கணும், இல்லேன்னா ஆரஞ்சு வெளுத்துடும். வெட்டின ஓட்டைக்குள்ள காகிதத்தைக் கசக்கி அடைச்சு, பழைய காட்டன் வேட்டியால சுத்துங்க. நான் கொலு பொம்மை எடுத்து வைக்கற அன்னிக்கே ஒரு காலி அட்டைப் பெட்டி தனியா ஒதுக்கி வெச்சுடுவேன், நவம்பர் முதல் வாரத்துல பூசணி அதுல போய் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்துல உட்கார்ந்துடும். பெட்டி மேல எந்த வருஷம் யார் வெட்டினதுன்னு ஸ்கெட்ச் பேனாவால எழுதி வைங்க, பேட்டரியை மட்டும் மறக்காம கழட்டிடுங்க, உள்ளயே கசிஞ்சு விளக்கு வீணாயிடும்.